ஐந்து பொத்தான் கித்தார்

நம் எட்டாம் வகுப்புக்காரர்களின் செல்போன் குழுவில் ஒரு வாரமாகப் பாட்டுக் கச்சேரி நடக்கிறது. ஆளுக்கொரு பழைய பாட்டைத் தேடியெடுத்துப் போடுகிறீர்கள். ஒருவர் போட்டதும் இன்னொருவர் கண் கலங்குகிற பொம்மை போடுகிறார். நேற்று என்னையும் இழுத்துவிட்டீர்கள். "நீ மட்டும் இன்னாத்துக்குக் கம்முனு இருக்க? ஒனக்குப் புடிச்ச பாட்டு ஒண்ணு போடு."

போடலாம். என்னிடமும் பாட்டு இருக்கிறது. எப்படிப் போடுவது என்றுதான் தெரியவில்லை. பச்சை, பச்சை, சிவப்பு, மஞ்சள். கொஞ்சம் இடைவெளி. பிறகு சிவப்பும் நீலமும் சேர்ந்து ஒன்று. இதுதான் என் பாட்டு. யார் பாடியது, எதைப் பற்றிப் பாடியது என்று கேட்டால் எனக்குத் தெரியாது. வேலை முடிந்து வந்து, கால் இரண்டையும் வெந்நீரில் போட்டுக்கொண்டு இதை எழுதுகிறேன். முப்பதைத் தாண்டியவளுக்கு இவ்வளவு அலுப்பா என்று கேட்காதீர்கள். திருபுவனை கம்பெனியில் ஒரு ஷிப்டு நின்று பாருங்கள், அப்புறம் பேசலாம்.

உங்களில் பாதிப் பேருக்கு என் பெயரே மறந்திருக்கும். பஞ்சு என்றால் தெரியும். காதில் பஞ்சு அடைத்துக்கொண்டு வருவேனே, அந்தப் பெண்தான். பஞ்சுக்கு உள்ளே என்ன இருந்தது என்பதும் உங்களுக்குத் தெரியும், என் பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டதை நான் பார்த்திருக்கிறேன். அம்மா காலையில் பழைய பஞ்சை எடுத்துவிட்டுப் புதிதாக வைத்து அனுப்புவாள். மத்தியானச் சாப்பாட்டு மணி அடிப்பதற்குள் அது ஊறிவிடும். அதற்காக இப்போது யாரும் மன்னிப்பு கேட்டு எழுத வேண்டாம். பதில் போட எனக்குத் தெம்பில்லை.

எனக்குக் காது கேட்கவில்லை என்பது எனக்கே அப்போது சரியாகத் தெரியாது. இது உங்களுக்கு விசித்திரமாக இருக்கலாம். எங்கள் வீட்டில் யாரும் மெதுவாகப் பேசி நான் பார்த்ததில்லை. அப்பா தகடு அடிக்கிற மெஷினில் வேலை செய்தவர். ஷிப்டு முடிந்து ஒதியம்பட்டு வந்து சேர்ந்த பிறகும் அந்த மெஷினோடு பேசுகிற தொண்டையில்தான் தண்ணீர் கேட்பார். அம்மா தையல் கம்பெனியில் வரிசையாக ஓடுகிற மெஷின்களுக்கு நடுவில் இருப்பவள். அவளும் அப்படித்தான். தம்பி பிறந்ததிலிருந்தே கத்துகிறவன். அப்படிப்பட்ட வீட்டில் எனக்கு வேண்டியது எல்லாம் கேட்டது. கேட்காததை, யாரும் சொல்லவில்லை என்றே எடுத்துக்கொண்டேன்.

பள்ளிக்கூடத்தில்தான் தொல்லை. கணக்கு டீச்சர் கரும்பலகையைப் பார்த்தபடி கேள்வி கேட்பார். அவர் முதுகுதான் எனக்குத் தெரியும், கேள்வி தெரியாது. எழுந்து நிற்காததற்கு அடி விழும். அம்மாவை வரச் சொல்லி, "கேக்காத மாதிரி நடிக்கிறா" என்று சொன்னார். அந்த வாக்கியம் அதற்குப் பிறகு எங்கள் வீட்டோடு தங்கிவிட்டது. பெரியம்மா சொன்னாள். அப்பா சொன்னார். தெருக்குழாயில் என் முறை வந்தும் நகராமல் நின்றபோது பின்னால் நின்றவர்கள்கூடச் சொன்னார்கள். அழுத்தக்காரி, கேட்காத மாதிரி நடிக்கிறாள்.

அம்மா மட்டும் அதை முழுதாக நம்பவில்லை. அரிசி களையும்போது என் முதுகுக்குப் பின்னால் நின்று பெயரைச் சொல்லிப் பார்த்திருக்கிறாள். நான் திரும்பவில்லை. ஒரு நாள் கம்பெனிக்கு லீவு சொல்லிவிட்டு என்னைப் பஸ் ஏற்றிப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனாள். டாக்டர் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். ரெண்டு காதும் கெட்டிருக்கிறது, இடது பக்கம் ரொம்ப மோசம், உள்ளே சீழ் பிடித்து எலும்பை அரித்துக்கொண்டிருக்கிறது, ஆபரேஷன் செய்து சுத்தம் பண்ணியே ஆகவேண்டும், விட்டால் அந்தக் காது போய்விடும் என்றார். இதை அம்மா எனக்குப் பஸ்ஸில் கத்திச் சொன்னாள். பஸ்ஸே கேட்டது.

அப்பா, "ஆடி மாசத்துல போயி எவனாவது கத்தி வைப்பானா? ஆடி கழியட்டும்" என்றார். அம்மா மறுபடியும் போய், ஆவணி பிறந்ததும் சேர்த்துக்கொள்கிறோம் என்று ஒரு தேதி வாங்கி வந்தாள். டாக்டர் திட்டிவிட்டுத்தான் கொடுத்தாராம். எனக்கு எலும்பு பற்றிய கவலை இல்லை. காதுக்குப் பின்னால் பாதித் தலையை மழித்துவிடுவார்கள் என்று பெரியம்மா சொல்லியிருந்தாள். மழித்த தலையோடு உங்கள் முன்னால் வந்து நிற்க வேண்டுமே என்பதுதான் என் கவலை.

அந்த ஆடியில்தான் பிரான்ஸிலிருந்து மாமா வந்தார்.

அம்மாவின் அண்ணன். பிரெஞ்சுக்காரன் ஆண்ட நம் பக்கத்தில் பிரான்ஸ் மாமா இல்லாத வீடு குறைவு, உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. பத்தாவது தாண்டாதவர், அந்த ஊர்க் குடியுரிமை உள்ள குடும்பத்தில் பெண் எடுத்துப் போய்ச் சேர்ந்தார். அங்கே ஒரு கிடங்கில் பெட்டி ஏற்றி இறக்கும் வண்டி ஓட்டினார். அது எனக்குப் பின்னால் தெரிந்தது. அப்போது அவர் வந்து இறங்கினால் வீட்டில் இருக்கிற ஒரே நாற்காலி அவருக்கு. மழை வருமா என்பதிலிருந்து நிலத்தை விற்கலாமா என்பது வரை அவரிடம் கேட்டுத்தான் முடிவாகும். அவர் சட்டையில் அடிக்கிற அந்த சென்ட் வாசனைக்கே பாதி மரியாதை.

மாமா கொண்டுவருவது எல்லாம் அவர் மகன் உபயோகித்துவிட்டு வைத்ததாக இருக்கும். அவன் போட்ட சட்டை, அவன் ஓட்டின ஸ்கேட்டு, பாதி எழுதின கலர் பென்சில். நாங்கள் குறை சொன்னதில்லை, கிடைக்காத பொருள். அந்த முறை பெட்டியின் அடியிலிருந்து ஒரு கித்தார் வந்தது. முழுக்க பிளாஸ்டிக். கம்பியே கிடையாது. கழுத்தில் ஐந்து கலர்ப் பொத்தான்கள், வயிற்றில் ஒரு தட்டு, அதைக் கட்டைவிரலால் மேலும் கீழும் தட்ட வேண்டும். முதுகில் அவன் ஒட்டிய மண்டையோட்டுப் படங்கள் பாதி உரிந்திருந்தன. கூடவே டிவியில் மாட்டுகிற கறுப்புப் பெட்டி, அட்டை போன ஒரு வட்டு.

"எல்லாம் பழைய ராக்கு பாட்டு. எங்க காலத்துல அங்க வந்த பாட்டுங்க" என்றார் மாமா. அவர் காலத்தில் அவர் இங்கே பாகூர் ஏரியில் மாடு குளிப்பாட்டிக்கொண்டிருந்தார் என்று அம்மா பின்னால் சொல்லிச் சிரித்தாள்.

ஐந்தாவது பொத்தான், ஆரஞ்சு நிறம் இருக்க வேண்டிய இடத்தில், வெறும் ஓட்டைதான் இருந்தது. அப்பா கித்தாரை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மறுநாள் ஷிப்டு முடிந்து வந்தபோது சட்டைப் பையில் ஒரு சின்னப் பொத்தான் வைத்திருந்தார். கம்பெனிக் கழிவில் கிடந்த பிளாஸ்டிக்கை அறுத்துத் தேய்த்துச் செய்தது. பழுப்பு நிறம். ஆரஞ்சு கிடைக்கவில்லை என்று வருத்தப்பட்டார். ஒட்டி, காய்ந்த பிறகு அமுக்கிப் பார்த்தால் மற்ற நான்கையும்விட இதுதான் சொன்னபடி கேட்டது. என்னைத் திட்டியும் அடித்தும் இருக்கிறார், ஆனால் அப்பாவை நினைத்தால் எனக்கு முதலில் அந்தப் பழுப்புப் பொத்தான்தான் வருகிறது.

விளையாட்டைச் சொல்லிவிடுகிறேன். டிவிக்குள் ஒரு ரோடு போகும். அதில் கலர் வட்டங்கள் தூரத்திலிருந்து நம்மை நோக்கி ஓடிவரும். வட்டம் கீழே உள்ள கோட்டைத் தொடுகிற நேரத்தில் அதே கலர்ப் பொத்தானை அமுக்கித் தட்டைத் தட்டினால் பாட்டு ஓடும். தவறினால் ஓரத்தில் இருக்கிற முள் பச்சையிலிருந்து மஞ்சளுக்கும், மஞ்சளிலிருந்து சிவப்புக்கும் சாயும். சிவப்பில் நின்றால் ஆட்டம் முடிந்தது. பின்னால் மேடையில் சடை வளர்த்த வெள்ளைக்காரர்கள் குதித்துக்கொண்டிருப்பார்கள். எழுத்தெல்லாம் பிரெஞ்சு. தம்பி பாட்டுகளுக்கு அவனே பெயர் வைத்தான், சடை மாமா பாட்டு, நெருப்புப் பாட்டு, டவுசர் பாட்டு என்று.

தம்பியால் முடியவில்லை. தவறும்போதெல்லாம் பதறிப் பொத்தானை எல்லாம் சேர்த்து அமுக்குவான். மாமா இரண்டு முறை முயன்றுவிட்டு, முதுகு வலி என்று நாற்காலிக்குப் போய்விட்டார். நான் எடுத்தேன். எனக்கு வந்தது. ஏன் வந்தது என்று தெரியவில்லை, வாழ்க்கையில் முதல்முறையாக ஒன்று எனக்குச் சுலபமாக வந்தது. அதிலும் ஒரு விஷயம், யாரும் முதுகைக் காட்டிக்கொண்டு என்னிடம் எதுவும் கேட்கவில்லை. வருவது எல்லாம் நேராக முகத்தைப் பார்த்து வந்தது.

கீழே உட்கார்ந்து, கால் கட்டைவிரலை டிவி ஸ்டாண்டின் மரத்தில் அழுத்தி வைத்துக்கொண்டு விளையாடுவேன். மரம் லேசாக அதிரும். அந்த அதிர்வும் கலரும் சேர்ந்து எனக்குள் ஒரு பாட்டு ஓடும். தலை தானாக ஆடும். பள்ளி விட்டதும் உங்களோடு நொண்டி விளையாட வராமல் நான் வீட்டுக்கு ஓடியது இதற்குத்தான். மாமா இருந்த நாட்களில் ஒருவரும் என்னைத் தடுக்கவில்லை. மாமா கொடுத்த பொருள் ஆயிற்றே.

ஆவணி பிறப்பதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை வீட்டில் சொந்தக்காரர்கள் கூட்டம். மாமாவின் கடைக்குட்டிப் பெண்ணுக்குப் பாகூரில் காது குத்து வைத்திருந்தார்கள். அவ்வளவு தூரத்திலிருந்து வந்து குலதெய்வம் கோயிலில் மொட்டையடித்துக் காது குத்தினால்தான் அவர்களுக்கு மனசு ஆறும். தேதி, பந்தல், சமையல் ஆள் எல்லாம் பேசிக்கொண்டிருந்தார்கள். மாமா குறித்த தேதியும், ஆஸ்பத்திரியில் என்னைச் சேர்க்க வேண்டிய தேதியும் ஒன்றாக இருந்தது.

அம்மா அதை எடுத்துச் சொன்னாள். அம்மாதான் அத்தை. அத்தை தட்டெடுத்து முன்னால் நடக்காமல் அண்ணன் மகளுக்குக் காது குத்து எப்படி நடக்கும்? பெரியம்மா வாய்விட்டே கேட்டுவிட்டாள். மாமா கையை அசைத்து என்னைக் கூப்பிட்டார். "பாப்பா, அந்தக் கித்தாரு எடு. இவங்களுக்கு வாசிச்சிக் காட்டு."

நான் நெருப்புப் பாட்டை எடுத்தேன். இருப்பதிலேயே கஷ்டமானது அதுதான், வட்டங்கள் மழையாகக் கொட்டும். அறையில் அவ்வளவு பேர் இருந்ததால் டிவியின் சத்தத்தைத் தம்பி கடைசி வரை ஏற்றிவைத்தான். அதை அவன் பின்னால் சொன்னான், எனக்குத் தெரியாது. நான் ஒரு வட்டத்தைக்கூட விடவில்லை. முள் பச்சையைவிட்டு நகரவில்லை. முடித்துத் திரும்பிப் பார்த்தால் எல்லோருடைய வாயும் அசைந்துகொண்டிருந்தது, கைகள் தட்டிக்கொண்டிருந்தன. பெரியம்மா எனக்குத் திருஷ்டி கழிப்பது போல விரலை நெற்றியில் வைத்து நெரித்தாள்.

அன்று மாமா பேசியதை அம்மா எனக்குப் பின்னால் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறாள். பாத்திரம் கழுவும்போது, துணி காயப்போடும்போது, நான் கேட்காமலே சொல்லுவாள். அதனால் அந்த இடத்தில் நான் கேட்டவள் மாதிரியே எனக்கு நினைவிருக்கிறது.

"இந்தப் புள்ளைக்கா காது கேக்கலன்ற?" என்றார் மாமா. "பாட்டுல ஒரு எடம் பிசகல. தாளம் தப்பல. எம் புள்ளையே இத இப்பிடி வாசிச்சது கெடயாது. காது கேக்காத புள்ள பாட்டு வாசிக்குமா? நீயே சொல்லு."

"அண்ணா, டாக்டரு எலும்ப அரிக்குதுன்னு சொன்னாருண்ணா."

"இங்க கூட்டிக்கினு போனா எல்லாத்துக்கும் கத்திதான். அங்கல்லாம் லேசுல கை வைக்கமாட்டான். சொட்டு மருந்து நான் அனுப்பி வைக்கிறேன். ஆஸ்பத்திரி எங்க ஓடிடப்போவுது? காது குத்து முடியட்டும்மா."

அப்பா, "மச்சான் சொல்றது சரிதான். நமக்குத்தான் ஆட்டம் காட்றா. வேணும்னா எல்லாம் கேக்குது அவளுக்கு" என்றார். அப்பா முகத்தில் அன்று இருந்த நிம்மதி எனக்கு இன்னும் தெரிகிறது. பெண் பிள்ளை, நாளைக்குக் கல்யாணம் ஆக வேண்டும், காதில் கத்தி வைத்தவள் என்று ஊர் பேசக்கூடாது, இதெல்லாம் அவருக்குள் இருந்திருக்கும். ஒரு பிளாஸ்டிக் கித்தார் வந்து அத்தனையையும் இறக்கிவைத்தது. அறையில் இருந்த யாரும் எனக்குக் கெடுதல் நினைக்கவில்லை. இதை நான் இத்தனை வருஷம் யோசித்துத்தான் சொல்கிறேன்.

அம்மா என்னைப் பார்த்தாள். நான் சிரித்துக்கொண்டிருந்தேன். பதின்மூன்று வயதுப் பெண்ணுக்கு முடி போகாது என்று தெரிந்தால் சிரிக்காமல் என்ன செய்வாள்?

காது குத்து நன்றாக நடந்தது. பாகூர்ப் பக்கம் இன்னும் பேசுவார்கள். அம்மா பட்டுப் புடவையில் தட்டோடு முன்னால் நடந்தாள். எனக்கும் புது ஜிமிக்கி. பஞ்சு தெரியாமல் இருக்க அம்மா இரண்டு பக்கமும் முடியை இறக்கிச் சீவி மல்லிப்பூ வைத்துவிட்டாள். மேளக்காரருக்கு மிகப் பக்கத்தில் போய் நின்றுகொண்டேன், தவிலின் அடி என் நெஞ்சில் வந்து விழுந்தது, பிடித்திருந்தது. ஆசாரி ஊசியை வைத்ததும் குட்டி வாயைத் திறந்து அழுதாள். எல்லோரும் அவள் காதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பெரிய ஆஸ்பத்திரியில் எனக்கென்று வைத்திருந்த கட்டிலில் அன்று வேறு யாராவது படுத்திருப்பார்கள்.

தம்பி மாமாவோடு பாகூரிலேயே தங்கிவிட்டான். அம்மாவும் அப்பாவும் நானும் திரும்பினோம். பள்ளிக்கு இரண்டு நாள் விடுமுறை இருந்தது. அவர்கள் வேலைக்குப் போனதும் நான் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தேன். காலையிலிருந்து சாயங்காலம் வரை விளையாடினேன். எல்லாப் பாட்டும். கால் கட்டைவிரலில் மரம் அதிரவில்லை என்பது எனக்குப் பட்டது. கூட்டம் வந்தபோது ஸ்டாண்டைச் சுவரோடு தள்ளியிருந்தார்கள், அதனால் இருக்கும் என்று விட்டுவிட்டேன். பாட்டு எனக்குள் எப்போதும் போல ஓடிக்கொண்டுதான் இருந்தது.

இரண்டாம் நாள் சாயங்காலம் அம்மா வந்து கால் கழுவிவிட்டு, சீரியல் பார்க்க டிவியைத் திருப்பினாள். படம் வந்தது. அம்மா சத்தத்தை ஏற்றினாள். மறுபடி ஏற்றினாள். டிவியின் பக்கவாட்டில் தட்டினாள். என் தோளைத் தொட்டுத் திருப்பி, "இன்னாடி இது, சத்தமே வரல? எப்பத்துலேர்ந்து?" என்றாள்.

"நல்லாதாம்மா இருந்துச்சு."

"எப்ப?"

"இப்பதான். நீ வர்ற வரைக்கும் வாசிச்சிக்கினுதான் இருந்தேன். பாட்டு நல்லா வந்துச்சு."

அம்மா டிவிக்குப் பின்னால் குனிந்து பார்த்தாள். டிவியின் சொந்தச் சத்தம் கெட்டுப்போனதால் ஸ்டாண்டில் தனியாக வைத்திருந்த ஸ்பீக்கருக்குப் போகிற ஒயரை எலி கடித்து இரண்டாக்கியிருந்தது. கடித்த துணுக்குகள் தரையில் கிடந்தன. அவற்றின் மேல் தூசி படிந்து, எறும்பு வரிசை ஒன்று போய்க்கொண்டிருந்தது. அன்றைக்குக் கடித்தது இல்லை என்று பார்த்தாலே தெரிந்தது. பாகூர் போயிருந்தபோது கடித்திருக்க வேண்டும்.

அம்மா கித்தாரை எடுத்து என் கையில் கொடுத்தாள். "வாசி" என்று சைகை செய்தாள். வாய் திறக்கவில்லை. நான் நெருப்புப் பாட்டைப் போட்டேன். அம்மாவுக்கு வாசித்துக் காட்டுகிறோம் என்ற சந்தோஷத்தில் தலையை ஆட்டி ஆட்டி வாசித்தேன். முள் பச்சையிலேயே நின்றது. முடித்துவிட்டுத் திரும்பினேன். அம்மா தரையில் உட்கார்ந்திருந்தாள். வேலையிலிருந்து வந்த புடவை, தோளில் நூல் பிசிறுகள் ஒட்டியிருந்தன. அவள் அழுகிறாள் என்பது எனக்குத் தெரிய வெகுநேரம் ஆகவில்லை, ஏன் என்பதுதான் தெரியவில்லை. அந்த அறையில் அவள் என்ன கேட்டுக்கொண்டிருந்தாள் என்று இப்போது யோசிக்கிறேன். பொத்தான்கள் அமுங்குகிற சத்தமும், கட்டைவிரல் தட்டுகிற சத்தமும் மட்டும் கேட்டிருக்கும்.

மறுநாள் விடிந்ததும் போனோம். அப்பாவும் கூட வந்தார். அதே டாக்டர். இந்த முறை அவர் திட்டவில்லை. போன தேதியில் வந்திருந்தால் இடது காதில் கொஞ்சமாவது மிஞ்சியிருக்கும், இனி சொல்ல முடியாது, முதலில் கட்டில் கிடைக்கட்டும் என்றார். கட்டில் ஐப்பசியில்தான் கிடைத்தது. அதற்குள் எனக்குத் தலைசுற்றலும் வாந்தியும் வந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். இடது காது முழுக்கப் போயிற்று. வலது காதை இழுத்துப் பிடித்து நிறுத்தினார்கள். மழித்த தலையோடு நான் வகுப்புக்கு வந்தது உங்களுக்கு நினைவிருக்கலாம். யாரும் சிரிக்கவில்லை, அதை மறக்கவில்லை.

மாமா அதற்குள் ஊருக்குப் போய்விட்டிருந்தார். அம்மா அவருக்குப் போன் போட்டுச் சொன்னாள். "அப்பிடியா" என்றாராம். அப்புறம் அடுத்த வருஷம் வந்தார், அதற்கடுத்தும் வந்தார், சாக்லேட்டும் சோப்பும் கொடுத்தார். அவர் முன்னால் அந்தப் பேச்சை யாரும் எடுக்கவில்லை. அம்மா மட்டும் அண்ணனுக்குச் சோறு போடும்போது முன்போல் பக்கத்தில் உட்கார்ந்து விசிறுவதை நிறுத்திவிட்டாள்.

ஒன்பதாம் வகுப்பு நடுவில் வலது காதுக்குக் கருவி வந்தது. மாட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்ததும் பரண்மேல் இருந்த கித்தாரை எடுத்தேன். அப்பா ஒயரை எப்போதோ மாற்றிவிட்டிருந்தார். நெருப்புப் பாட்டைப் போட்டேன். காதுக்குள் ஏதோ இடிந்து விழுந்தது. நான் எனக்குள் வைத்திருந்த பாட்டு அது இல்லை. அதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. என்னுடையது நிதானமாக, கொஞ்சம் துக்கமாக இருக்கும். இதில் ஒருவன் கழுத்தைப் பிடித்த மாதிரி கத்தினான். கை தடுமாறியது. ஒரு வட்டம் தவறியது, இன்னொன்று தவறியது. அப்போது டிவிக்குள்ளிருந்து ஒரு பெரிய கூட்டம் "ஊ" என்று கூச்சல் போட்டது. தவறினால் கூட்டம் கத்தும் என்பதே எனக்கு அன்றுதான் தெரிந்தது. தம்பி ஏன் அப்படிப் பதறினான் என்பதும் அன்றுதான் புரிந்தது. முள் சிவப்புக்குப் போய்விட்டது. மறுபடி நான் அதைத் தொடவில்லை.

கொஞ்ச நாளில் பழைய பிளாஸ்டிக் வாங்குகிறவர் தெருவில் வந்தபோது அம்மா கித்தாரைப் போட்டுவிட்டு ஒரு குடம் வாங்கினாள். நீலக் குடம். வட்டைத் தம்பி கொய்யா மரத்தில் கிளி விரட்டக் கட்டினான், வெயிலில் மின்னிக்கொண்டு கிடந்தது. பழுப்புப் பொத்தானையாவது பிய்த்து வைத்திருக்கலாம். தோன்றவில்லை.

மாமா இந்த வருஷமும் வந்தார். வேலையிலிருந்து நின்றுவிட்டார். கிடங்கு இரைச்சலில் அவர் காதும் போய்விட்டது, இரண்டு பக்கமும் கருவி வைத்திருக்கிறார். கம்பெனியிலிருந்து நான் வந்தபோது அதே நாற்காலியில் உட்கார்ந்திருந்தார், சட்டை பெரிதாகிவிட்டது அவருக்கு. பையிலிருந்து ஒரு மூக்குக்கண்ணாடிக் கூட்டை எடுத்து நீட்டினார். உள்ளே ஒரு ஜோடி காதுக் கருவி.

"எனக்கு அங்க புதுசு குடுத்துட்டான். இது பழசுதான், ஆனா நல்ல சரக்கு. ஒனக்கு ஆவும்னு எடுத்தாந்தேன்."

போட்டுப் பார்த்தேன். அவர் காதுக்கு அச்செடுத்து வார்த்தது. என் காதில் உட்காரவில்லை. "அச்ச மாத்திக்கலாம் மாமா" என்று சொல்லிக் கூட்டில் வைத்தேன். அம்மா காப்பி போட உள்ளே போனாள். கரண்ட்டு இல்லை, காற்றாடி நின்றிருந்தது. மாமா கித்தாரைப் பற்றிக் கேட்டார். குடமானதைச் சொன்னேன், சிரித்தார். அப்புறம் தரையைப் பார்த்துக்கொண்டு, எங்கள் வீட்டில் யாருக்கும் வராத சின்னக் குரலில், "அன்னிக்கி நான் வாய வச்சிருக்கக் கூடாதும்மா. ஒன்ன ஆஸ்பத்திரிக்குத்தான் அனுப்பியிருக்கணும்" என்றார்.

என் கருவியில் அன்று காலையில்தான் புது பேட்டரி போட்டிருந்தேன். ஒரு எழுத்து விடாமல் கேட்டது.

இதற்கு என்ன பதில் சொல்வது என்று சின்ன வயதில் நான் பலவிதமாக யோசித்து வைத்திருந்தேன். பரவாயில்லை மாமா என்றால் அது பொய். பரவாயில்லை என்று சொல்லாவிட்டால் அவர் அழுவார், அந்த அழுகையையும் நான்தான் தேற்ற வேண்டும். கால் வீங்கியிருந்தது. இன்னும் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

கையைக் காதருகில் குவித்து வைத்துக்கொண்டு, "இன்னா மாமா?" என்றேன்.

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "ஒண்ணுல்லம்மா" என்றார், சத்தமாக. "காப்பி வந்துச்சான்னு கேட்டேன்."

டீச்சரும் அப்பாவும் தெருவும் என்னை நடிக்கிறாள் என்று சொன்ன அந்த வயதில் நான் ஒரு நாளும் நடித்ததில்லை. கேட்டும் கேட்காத மாதிரி இருந்தது இந்த ஒரு தடவைதான். நன்றாகவே நடித்திருக்கிறேன், அவர் நம்பிவிட்டார்.